புது பேட்டரி போட்டும் கார் செத்துக் கிடக்கிறதா? கை பட்ட இடத்திலேயே தேடுங்கள்

பழைய பேட்டரியைக் கழற்றும்வரை ஏதோ கொஞ்சம் வெளிச்சமாவது இருந்தது. புதியதை வைத்து முடுக்கிச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை. மீட்டர் போர்டு இருட்டு, ஹாரன் இல்லை, கதவைத் திறந்தால் உள்விளக்குகூட எரியவில்லை. இந்த நிலையில் பலர் உடனே கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் தவறு. பேட்டரி மாற்றும்போது கை பட்ட இடங்கள் நாலைந்துதான்: இரண்டு டெர்மினல் (பேட்டரி மேலுள்ள ஈய முனைகள்), அவற்றைக் கவ்வும் கிளாம்ப், நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர், மெயின் ஃபியூஸ். காரின் மின்சாரம் முழுவதும் இந்த நாலைந்து இடங்கள் வழியாகத்தான் போகிறது. கோளாறும் பத்துக்கு ஒன்பது தடவை அங்கேதான் இருக்கும்.

தேடத் தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். எதுவுமே எரியவில்லையா, அல்லது விளக்கெல்லாம் எரிந்து செல்ஃப் மட்டும் சுற்றவில்லையா? விளக்கு எரிந்து, சாவி திருப்பியதும் எல்லாம் மங்கி ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால், மின்சாரம் வருகிறது, ஆனால் போதிய அளவு வரவில்லை. கிளாம்ப் தளர்வு அல்லது எர்த் கோளாறு என்று கொள்ளலாம். விளக்கு பளிச்சென்று எரிந்தும் ‘டக்’ சத்தம்கூட இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ‘பி’யில் (பார்க்கிங்) இருக்கிறதா, வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரம் பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். அது வேறு கதை. இங்கே முக்கியமாகப் பேசப்போவது முழு இருட்டைப் பற்றி.

தேவையானவை

10 நம்பர் ஸ்பேனர், மல்ட்டிமீட்டர், உப்புத்தாள், ஒரு டெஸ்ட் லாம்ப். டெஸ்ட் லாம்ப் கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய இண்டிகேட்டர் பல்பு, 21 வாட், இரண்டு வயரைப் பற்றவைத்தால் போதும். கடையில் கிடைக்கும் எல்.இ.டி. டெஸ்டர் இந்த வேலைக்கு ஆகாது.

ஏன் பல்புதான் வேண்டும் என்கிறோம்? மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் ஒன்றுமில்லாத அளவு. கிளாம்புக்கும் ஈயத்துக்கும் நடுவே ஒரு தூசியளவு தொடர்பு இருந்தாலும் மீட்டர் 12.6 வோல்ட் என்று காட்டிவிடும். நீங்களும் மின்சாரம் வந்துவிட்டது என்று நம்பி வேறு எங்கோ தேடப் போவீர்கள். 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.8 ஆம்பியர் இழுக்கும். தொடர்பு மோசமாக இருந்தால் மங்கும், அல்லது எரியவே எரியாது. மீட்டர் பொய் சொல்லும் இடத்தில் பல்பு உண்மையைச் சொல்லிவிடும்.

மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கார்ச் சாவியை உள்ளே விடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் திரும்பும் நொடியில் சில கார்கள் தாமாகவே கதவைப் பூட்டிக்கொள்ளும்.

கிளாம்ப்: முதல் சந்தேகம் இதன்மேல்தான்

ரங்கூன் தெருக்களில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக வந்தவை. ப்ரோபாக்ஸ், ஃபிட், ஏ.டி. வேன், விட்ஸ் எதுவானாலும் உள்ளே இருப்பது ஜப்பான் அளவு பேட்டரி. அதன் பக்கத்தில் 55பி24எல் என்பதுபோல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு எண் திறனைச் சொல்வது. பெரிதாக இருந்தால் நல்லதே. ‘பி’ என்பது அகலமும் உயரமும் சேர்ந்த வகை. பி என்றால் அகலம் 129 மில்லிமீட்டர், டி என்றால் 173. அடுத்த 24 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்துதான் ஆளைக் கவிழ்ப்பது. டெர்மினல்கள் இருக்கும் நீளப் பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி வைத்துப் பார்த்தால், எல் பேட்டரியில் நெகட்டிவ் இடதுபக்கம் இருக்கும், ஆர் பேட்டரியில் வலதுபக்கம்.

பி வகையில் டெர்மினல் மெல்லியது: பாசிட்டிவ் 14.7 மில்லிமீட்டர், நெகட்டிவ் 13. டி வகையிலும் ஐரோப்பிய அளவிலும் தடித்தது: 19.5, 17.9. பி வகையிலேயே எண்ணின் முடிவில் ‘எஸ்’ சேர்ந்திருந்தால் (55பி24எல்எஸ் என்பதுபோல்) தடித்த டெர்மினல் என்று பொருள். கடைக்காரர் எண்ணை அரைகுறையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தால் இங்கேதான் வம்பு.

தடித்த கிளாம்பை மெல்லிய டெர்மினலில் போட்டால், நட்டை எவ்வளவு முடுக்கினாலும் கிளாம்பின் இரண்டு கன்னமும் ஒன்றையொன்று தொட்டு நின்றுவிடும், உள்ளே ஈயம் ஆடிக்கொண்டே இருக்கும். கையால் திருகினால் சுற்றுகிறதா பாருங்கள். இம்மியளவு நகர்ந்தாலும் அது பொருந்தவில்லை. செம்புக் கம்பியைச் சுற்றுவது, சிகரெட் பெட்டி ஈயத்தாளை நுழைப்பது எல்லாம் அன்றைக்கு ஓடும், மறுவாரம் ரோட்டில் நிறுத்தும். இதற்கென்றே மெல்லியதைத் தடிப்பாக்கும் ஈய வளையம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கிறது. பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் அளவு வேறு, ஜோடியாகவே வாங்குங்கள். அடிவரை அழுத்தி இறக்கிய பிறகு கிளாம்பைப் போடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு: மெல்லிய கிளாம்பைத் தடித்த டெர்மினலில் திணிப்பது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி விரித்து, சுத்தியலால் தட்டி இறக்குகிறார்கள். கிளாம்பு மேல்நுனியை மட்டும் கவ்வி நிற்கும். அதைவிட மோசம், தட்டும் அடியில் பேட்டரியின் உள்ளே ஈய இணைப்பு விரிசல் விட்டால் புது பேட்டரியே வீண். கிளாம்பைத் தட்டாதீர்கள். பொருந்தவில்லையென்றால் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்து மாற்றுவதுதான் வழி.

சில புது பேட்டரிகள் டெர்மினலில் பிளாஸ்டிக் தொப்பியோடு வரும். சிவப்புத் தொப்பியை எடுத்துவிட்டுக் கறுப்பு நிறத்ததை மறப்பது நடக்கக்கூடியதே, நிறம் ஈயத்தோடு ஒட்டிப் போவதால் தெரியாது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் முதலில் பாருங்கள்.

கிளாம்பின் உள்வட்டத்தில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கிறதா? வைகாசியில் பிடிக்கும் மழை ஐப்பசிவரை விடாத ஊர் இது. பானெட்டுக்குள் ஈரம் எப்போதும் நிற்கும். திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா நாட்களில் வண்டி வாங்கும் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவை ஒரு கப் வெந்நீரில் கரைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரியின் மூடித் துளைகளில் இறங்கக் கூடாது. உலர்ந்ததும் உள்வட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து ஈயம் பளபளக்கும்வரை கொண்டுவாருங்கள். முதலில் கிளாம்பைப் போட்டு முடுக்கிய பிறகே மேலே கிரீஸ் பூசவேண்டும், நடுவில் பூசினால் தொடர்பைக் கெடுக்கும். நட்டு 5 நியூட்டன் மீட்டர் அளவில், அதாவது சிறிய ஸ்பேனரால் மணிக்கட்டு விசையோடு நின்றால் போதும். கிளாம்ப் மென்மையான உலோகம், முரட்டுத்தனமாக முடுக்கினால் கிழியும்.

பல்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக

பழுதை ஊகிக்காமல் வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். பல்பின் ஒரு வயரைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்தின் மேலேயே அழுத்திப் பிடியுங்கள்.

1. மற்ற வயர் பாசிட்டிவ் ஈயத்தின் மேல். பல்பு பளிச்சென்று எரியவேண்டும். எரியவில்லையா, பேட்டரியே சார்ஜ் இல்லாமல் வந்திருக்கிறது.

2. மற்ற வயர் பாசிட்டிவ் கிளாம்பின் உலோகத்தில். இங்கே மங்கினால் கிளாம்புக்கும் ஈயத்துக்கும் தொடர்பு இல்லை.

3. மற்ற வயர், பாசிட்டிவ் வயர் போய்ச் சேரும் ஃபியூஸ் பெட்டியின் தடித்த போல்ட்டில். இங்கே இருட்டானால் வயரோ அதன் முனை லக்கோ உள்ளே அரித்துவிட்டது. வயரின் மேலுறை உப்பி, வளைத்தால் நொறுநொறுவென்று சத்தம் கேட்கும்.

4. மெயின் ஃபியூஸின் மறுபக்கம். முன்பக்கம் எரிந்து மறுபக்கம் இருட்டானால் ஃபியூஸ் போயிற்று.

இப்போது பல்பின் வயர்களை இடம் மாற்றிப் பிடியுங்கள். ஒன்று பாசிட்டிவ் ஈயத்தில், மற்றது நெகட்டிவ் கிளாம்பில், பிறகு நெகட்டிவ் வயர் பாடியில் பதிந்திருக்கும் போல்ட்டில், பிறகு பாடியில் பெயிண்ட் இல்லாத வேறு ஓர் இடத்தில், கடைசியாக எஞ்சின் பிளாக்கில். எந்தத் தொடுதலில் மங்குகிறதோ அதற்கும் அதன் முந்தைய இடத்துக்கும் நடுவேதான் கோளாறு.

எர்த் விஷயத்தில் அடிக்கடி விட்டுப்போவது இரண்டாவது வயர். நெகட்டிவிலிருந்து ஒரு வயர் பாடிக்கும், மற்றொன்று எஞ்சினுக்கோ கியர் பாக்ஸுக்கோ போகும். பேட்டரித் தட்டைக் கழற்றினால் பல கார்களில் பாடி எர்த் போல்ட்டும் கூடவே கழன்று வரும். திரும்பப் போடும்போது அது தட்டுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். அதனால் விளைவது வேடிக்கையாக இருக்கும்: எஞ்சின் எர்த் மட்டும் இருந்தால் செல்ஃப் சுற்றும், விளக்கு விசித்திரமாக மினுங்கும். பாடி எர்த் மட்டும் இருந்தால் விளக்கு எரியும், செல்ஃப் சுற்றாது. அந்த மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகப் பாய்ந்து அவை சூடேறும். இரண்டும் இல்லாவிட்டால் முழு இருட்டு. செல்ஃப் அடிக்கும்போது நெகட்டிவ் ஈயத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் வயர் கோளாறு, சந்தேகமே இல்லை.

மெயின் ஃபியூஸ், பேட்டரி தலைகீழாகப் போனால்

கிளாம்ப் சரி, எர்த் சரி, ஆனாலும் இருட்டு என்றால் மெயின் ஃபியூஸ்தான். கண்ணாடிச் சாளரம்போல் மூடியிருக்கும் பெரிய ஃபியூஸ், 80, 100, 120, 140 ஆம்பியர் என்று மேலே எழுதியிருக்கும். சில கார்களில் பாசிட்டிவ் கிளாம்பின் மேலேயே கருப்புப் பெட்டியாக உட்கார்ந்திருக்கும், சிலவற்றில் பானெட்டுக்கு உள்ளே பெரிய ஃபியூஸ் பெட்டியில். உள்ளே உலோகப் பட்டை அறுந்து கருகியிருக்கிறதா பாருங்கள். பார்வையில் தெரியாமலும் அறுந்திருக்கும், அதனால்தான் பல்பு.

இந்தப் பெரிய ஃபியூஸ்களை இழுத்தெடுக்க முயலாதீர்கள். பல கார்களில் இவை இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை. இழுத்தால் பெட்டி உடையும். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி ஓரமாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, பெட்டியின் கொக்கிகளை விடுவித்துத் தூக்கி, போல்ட்டைக் கழற்றி மாற்றவேண்டும்.

மெயின் ஃபியூஸ் தானாகப் போவதில்லை. ஸ்பேனர் பாசிட்டிவிலிருந்து பாடியைத் தொட்டிருக்கலாம், உயரமான புது பேட்டரியின் பாசிட்டிவ் கிளாம்ப் பிடிப்புப் பட்டையையோ பானெட்டையோ முட்டியிருக்கலாம். இரண்டையும்விட அதிகம் நடப்பது பிளஸ், மைனஸ் மாறிப்போனது.

எல் இடத்தில் ஆர் வந்துவிட்டால், பாசிட்டிவ் வயர் எட்டாது. எட்டுகிற டெர்மினலில் போட்டுவிடுவது மனித இயல்பு. ஒரு தீப்பொறி பளிச்சென்று அடிக்கும், அடுத்த நொடி எல்லாம் அமைதி. நடந்தது இதுதான்: எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுபவை. பேட்டரி தலைகீழானால் அந்தத் திசை நேரடியாகத் திறந்துவிடும், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஃபியூஸ் அறுந்து மற்றவற்றைக் காப்பாற்றும். ஆகவே மெயின் ஃபியூஸ் போயிருந்தால் வருத்தப்பட வேண்டாம். அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

பழைய வண்டியில் வயரின் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு உறை கிழிந்து கறுப்பு டேப் சுற்றியிருக்கும். பாடியில் போல்ட் போட்டிருக்கும் வயர் எதுவோ அதுவே நெகட்டிவ். கையால் பிடித்துக்கொண்டே போய் உறுதி செய்யுங்கள்.

புது ஃபியூஸ் போடும் முன் ஒரு சோதனை. பேட்டரியைச் சரியான திசையில் இணைத்து, காரில் எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, அறுந்த ஃபியூஸ் இருந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே அந்த 21 வாட் பல்பை வையுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிட்டால் நல்லது, ஃபியூஸ் போடலாம். முழு வெளிச்சத்தில் நிலைத்து எரிந்தால் அதற்குப் பின்னால் எங்கோ இன்னும் ஷார்ட் இருக்கிறது. பெரும்பாலும் ஆல்டர்நேட்டர் டயோடுகள் உருகியிருக்கும். நெகட்டிவைக் கழற்றி, ஆல்டர்நேட்டரின் தடித்த வயரை அதன் போல்ட்டிலிருந்து எடுத்து, முனையை நன்றாகத் துணியால் சுற்றி, நெகட்டிவை மாட்டிவிட்டு மறுபடி பல்பு வையுங்கள். இப்போது பல்பு அணைந்தால் ஆல்டர்நேட்டர்தான். அதைச் சரிசெய்யாமல் ஃபியூஸ் போட்டால் இரண்டாவதும் போகும்.

ஃபியூஸ் கிடைக்கவில்லை என்று வயரை முறுக்கிப் பாலம் போடுவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். கார் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் கொடுக்கும். 120 ஆம்பியர் ஃபியூஸ் இல்லாத இடத்தில் உருகப்போவது வயர் கட்டு முழுவதும்.

மெயின் ஃபியூஸ் மாற்றியும் ரேடியோவோ ஏதோ ஒரு விளக்கோ மட்டும் வரவில்லையென்றால், பானெட்டுக்குள்ளும் ஸ்டியரிங்குக்கு அடியிலும் இருக்கும் சிறிய ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பல்பால் தொட்டுப் பாருங்கள்.

பேட்டரி நிஜமாகவே ‘புது’தானா

கரண்ட் போகும் மணிநேரங்களில் வீட்டு இன்வெர்ட்டருக்காகக் கார் பேட்டரியைக் கழற்றி மாட்டுவது இங்கே பல வீடுகளில் பழக்கம். இதில் மூன்று ஆபத்து. அடிக்கடி கழற்றுவதால் கிளாம்ப் தேய்ந்து விரிகிறது. இரவில் டார்ச் வெளிச்சத்தில் மாட்டும்போது முனை மாறுகிறது. மூன்றாவது, இன்வெர்ட்டர் பேட்டரியையே எடுத்துக் காரில் வைக்கிறார்கள். அது நிதானமாக நீண்ட நேரம் கொடுக்கச் செய்யப்பட்டது, செல்ஃப் கேட்கும் திடீர் மின்னோட்டத்தைத் தராது. டெர்மினலும் போல்ட் வகையாக இருக்கலாம். கார் பேட்டரிக்கும் இது நல்லதல்ல. பாதிக்குக் கீழே அடிக்கடி காலியானால் சில மாதங்களில் போய்விடும். இரண்டுக்கும் தனித்தனி பேட்டரி வைப்பதுதான் கடைசியில் மலிவு.

எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள் என்றால், ஒரு தடவை நகப்பூச்சால் பாசிட்டிவ் கிளாம்பிலும் பேட்டரியின் அதே முனையிலும் சிவப்புப் பொட்டு வைத்துவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், போடும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் விலகியிருக்கும்போது பாசிட்டிவை முடுக்கும் ஸ்பேனர் பாடியைத் தொட்டாலும் தீப்பொறி வராது.

ஆசிட் ஊற்றாமல் உலர்ந்த நிலையில் வரும் பேட்டரிகளும் உண்டு. கடையில் ஆசிட் ஊற்றி உடனே கையில் கொடுத்தால் அதை வாங்கிப் போய் உடனே மாட்டாதீர்கள். தகடுகள் ஊற அரை மணிநேரமாவது வேண்டும், பிறகு சார்ஜும் வேண்டும். 45 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 4 முதல் 5 ஆம்பியரில் சில மணிநேரம். ஓய்வாக இருக்கும்போது மீட்டர் 12.6 காட்டினால் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12 என்றால் கால். 11.8க்குக் கீழே இருந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். 12.6 காட்டிய பேட்டரி ஹெட்லைட் போட்டதும் 5 வோல்ட்டுக்குச் சரிந்தால் உள்ளே இணைப்பு அறுந்திருக்கிறது, அதுவும் கடைக்கே.

புது பேட்டரியின் உயரம் பானெட்டை முட்டுமா என்று பார்க்க ஒரு சமையலறை வழி: இரண்டு டெர்மினல் மேலும் சப்பாத்தி மாவு உருண்டை வைத்துப் பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். மாவு எவ்வளவு நசுங்கியது என்று பார்த்தால் மிச்சமுள்ள இடம் தெரியும்.

ப்ரியஸ், அக்வா வைத்திருப்பவர்களுக்கு

பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள இந்த ஹைப்ரிட் கார்களில் சிறிய 12 வோல்ட் பேட்டரி பின்பக்கத்தில் இருக்கும். இது போனாலும் கார் முழு இருட்டுதான், மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தாலும் பயனில்லை. ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறங்கள். 30ஆம் வகை ப்ரியஸில் பின்கதவு மின்சாரத்தில் திறப்பது; பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் சிவப்பு மூடிக்கு அடியிலுள்ள முனையில் வெளி பேட்டரியின் பாசிட்டிவைக் கொடுத்தால் பின்கதவு திறக்கும். ப்ரியஸுக்கு எஸ்46பி24ஆர், அக்வாவுக்கு எஸ்34பி20ஆர். பயணிகள் அமரும் இடத்தோடு சேர்ந்திருப்பதால் வாயுவை வெளியேற்றும் குழாய் வைத்த பேட்டரியே வேண்டும், குழாயைக் கட்டாயம் மாட்டவேண்டும். சாதாரண பேட்டரி இதற்கு ஆகாது. ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள்; அது பெரிய பேட்டரியின் பாதை.

விளக்கு வந்த பிறகு

எஞ்சினை ஓடவிட்டு டெர்மினலில் மீட்டர் வையுங்கள். 13.8 முதல் 14.7 வோல்ட் காட்டவேண்டும். 12.6லேயே நின்றால் ஆல்டர்நேட்டரின் ஃபியூஸ் அல்லது ஆல்டர்நேட்டர் கோளாறு. இன்று ஓடும், நாளைக்குப் பாதி வழியில் நிற்கும். ஓடும் எஞ்சினில் பேட்டரியைக் கழற்றி ஆல்டர்நேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள், மின்னழுத்தம் எகிறி கம்ப்யூட்டர் பெட்டியைக் கொன்றுவிடும்.

பவர் விண்டோ ஒரே தொடுதலில் ஏறவில்லையென்றால் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சை மேலேயே ஓரிரு நொடி பிடித்திருங்கள். ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்குவதும் கியர் முரண்டு பிடிப்பதும் சில மைல் ஓடினால் தானாகச் சரியாகும். ஜப்பான் நாவிகேஷன் திரை ஜப்பானிய எழுத்தில் வரைபடத் தட்டை (டிஸ்க்) கேட்டு நின்றால் கார் கெட்டுப்போகவில்லை. மின்சாரம் அறுந்ததும் அது தன் நினைவை இழந்துவிட்டது. தட்டு உங்களிடம் இல்லாவிட்டால் பாட்டுக் கேட்க வேறு பெட்டிதான் வாங்கவேண்டும், ஓட்டுவதற்குத் தடையில்லை.